தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி:

எனக்கு வயது 43. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து, மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் க்யூ.சி. (தரக் கட்டுப்பாட்டு) லேபில் 17 வருடம் வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். "கெமிஸ்ட்ரி எடு" என்று அப்பா சொன்னார், எடுத்தேன். "என் பொண்ணு கெமிஸ்ட்" என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் லேபை மூடிவிட்டு, சோதனைகளை எல்லாம் தானியங்கிக் கருவிகள் உள்ள வேறொரு மையத்துக்கு மாற்றிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு, வீட்டு உபயோகப் பொருட்களை இணையத்தில் விற்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் சேர்ந்தேன். எந்தப் பொருள் மேல் திரும்பத் திரும்பப் புகார் வருகிறது, எதனால் வருகிறது என்று தேடி எழுதிக் கொடுக்கும் வேலை. சம்பளம் முன்பைவிடச் சற்றுக் குறைவு. ஆனாலும் குடும்பம் ஓடுகிறது.

யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போன வாரம் மகளின் பள்ளிப் படிவத்தில் "தாயின் தொழில்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இன்னும் நிரப்பவில்லை. நான் லேபில் இல்லை என்பதை அப்பாவிடம் இதுவரை சொல்லவில்லை. விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. லேபில் இருந்தபோது, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமில் ஒரு பீக் (முகடு) லேசாக வால் விட்டால்கூட, சிஸ்டம் "பாஸ்" என்று காட்டினாலும் என் மனசு ஒப்பாது. எதனால் என்று தோண்டிக்கொண்டே இருப்பேன். அந்த ஆள் எங்கே போனாள் என்று தெரியவில்லை.

சேமிப்பைப் போட்டு, டேட்டா சயின்ஸில் இரண்டு வருட ஆன்லைன் முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். மறுபடி ஓர் ஆளாக ஆவதற்கு வேறு வழி தெரியவில்லை. அந்த 17 வருடமும் வீண்தானா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விடிகாலை நாலு மணி விழிப்பு. அது இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறது என்றால், கூடவே பசி குறைவதும் எதிலும் ஈடுபாடு இல்லாததும் இருந்தால், ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கம் கெட்ட மனசோடு எந்தப் பெரிய தீர்மானமும் எடுக்க வேண்டாம். படிப்பில் சேருவதும் அதில் அடக்கம்.

இனி கடிதம். இங்கே சுருக்கித்தான் வெளியாகியிருக்கிறது. நீங்கள் எழுதியது ஏறக்குறைய நான்கு பக்கம். கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு, யார் யார் எத்தனை தடவை வருகிறார்கள் என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொள்வேன். உங்கள் கடிதத்தில் அப்பா பதினோரு இடத்தில் வருகிறார். வேதியியல் மூன்று இடத்தில். டேட்டா சயின்ஸ் ஒரே ஓர் இடத்தில், கடைசிப் பத்தியில். அந்த ஒரு வரியிலும் அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. எத்தனை வருடம், எவ்வளவு பணம் என்பதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் "லேபில் வேலை பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் அதுவே "கெமிஸ்ட்டாக இருந்தேன்" என்று ஆகியிருக்கிறது. நான்காம் பக்கத்துக்கு வரும்போது "நான் இப்போது யாருமில்லை". நம் மொழியில் வேலையைப் 'பார்க்கிறோம்'. பார்க்கிற ஆள் வேறு, பார்க்கப்படும் வேலை வேறு என்று அந்த வினைச்சொல்லே பிரித்து வைத்திருக்கிறது. எங்கேயோ நடுவில், பார்த்த வேலை நீங்களாகவே ஆகிவிட்டது. உங்களுக்கு மட்டும் நடந்த விபத்து இல்லை இது. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே முடிச்சுதான்.

படிப்புக்கும் இப்படி ஒரு சொல் வைத்திருக்கிறோம்: 'படித்தவர்'. இறந்தகாலம். படிப்பு ஒருகாலத்தில் முடிந்துபோன காரியம், அதன் பலன் மட்டும் ஆயுள் முழுக்க என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. 'படிக்கிறவர்' என்று நிகழ்காலத்தில் சொன்னால் பள்ளிப் பிள்ளையைத்தான் நினைக்கிறோம். இருபத்திரண்டு வயதுக்குள் படித்து முடி, ஒன்றாக ஆகிவிடு, அறுபது வரை அதுவாகவே இரு. இந்த ஏற்பாட்டை நம்பித்தான் உங்கள் அப்பா உங்களைப் படிக்க வைத்தார். அவர் நம்பிய காலத்தில் அது பெரும்பாலும் பலித்தது, அதனால் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் தொழிலான தொழில் வழிகாட்டலே அந்த ஏற்பாட்டின்மேல் கட்டப்பட்டதுதான். ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். இதுதான் அவர் சொன்ன முறை. நாங்கள் இன்றைக்கும் அதைத்தான் வேறு வேறு சட்டை மாட்டிச் செய்துகொண்டிருக்கிறோம். சரியான பொருத்தம் ஒன்று இருக்கிறது, ஒருதடவை கண்டுபிடித்துவிட்டால் போதும் என்பது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், பார்சன்ஸ் படித்தது பொறியியல். ரயில் கம்பெனியில் சேர்ந்தார், அது திவாலானது. இரும்பு ஆலையில் கூலி வேலை செய்தார். பள்ளி ஆசிரியராக இருந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார், சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தினார். தொழில் வழிகாட்டி ஆனது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆரம்பித்த அதே வருடம் இறந்தும் போனார். ஒரே பொருத்தத்தைத் தேடச் சொன்னவருக்கு ஒன்றுகூட நிலைக்கவில்லை. அவருடைய பள்ளிப் படிவத்தில் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்பியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

'அடையாள நெருக்கடி', அதாவது 'நான் யார்' என்ற தடுமாற்றம், என்ற பதத்தைப் பரப்பிய உளவியலாளர் எரிக் எரிக்சன் கதையும் ஏறத்தாழ இப்படித்தான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவரிடம் ஓர் இளங்கலைப் பட்டம்கூடக் கிடையாது. 'எரிக்சன்' என்ற பெயரும் 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது அவரே வைத்துக்கொண்டதுதான். இதைச் சொல்வது பட்டம் வேண்டாம் என்பதற்காக இல்லை. அடையாளம் பற்றி நமக்குப் பாடம் எடுத்தவர்களே அதைக் கையால் தைத்துத்தான் போட்டுக்கொண்டார்கள் என்பதற்காக.

இப்போது நீங்கள் இழந்தது எது என்று பார்ப்போம். எல்லாவற்றையும் இழந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்க ஒரே ஒரு நெசவாலையை நம்பியிருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மேரி யாஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் என்ற மூன்று இளம் ஆராய்ச்சியாளர்கள் குழுவோடு அங்கே போய், வேலை இல்லாமல் போனால் மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று கூர்ந்து கவனித்தார்கள். 1933-இல் முடிவுகள் வெளிவந்தன. அவர்கள் கணக்கெடுத்த விதம் உங்களைப் போன்ற லேப்காரர்களுக்குப் பிடிக்கும். தெருவில் ஆட்கள் எவ்வளவு வேகத்தில் நடக்கிறார்கள், வழியில் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்றெல்லாம் குறித்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. பெரும்பாலானவர்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்ல வரவில்லை. இத்தனைக்கும் கைநிறைய நேரம் இருந்தது. படிக்கலாம் அல்லவா? ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. கட்டணத்தை ரத்து செய்த பிறகும் அந்த நிலைமைதான்.

உங்கள் எட்டு மாதத்தைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கத்தை இதோடு வைத்துப் படித்தேன். "நேரம் கிடைத்தால் படிக்க வேண்டும் என்று வாங்கி வைத்த புத்தகங்களில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, என்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்" என்கிறீர்கள். ஓர் ஊரே சோம்பேறியாக முடியாது. வேலை போனால் மனிதர்கள் அப்படித்தான் ஆகிறார்கள்.

யாஹோதா பிற்காலத்தில் இதை இன்னும் கூர்மையாகச் சொன்னார். சம்பளம் போக, வேலை நமக்குத் தெரியாமலேயே ஐந்து காரியம் செய்துகொடுக்கிறது. நாளுக்கு ஒரு வடிவம் தருகிறது. குடும்பத்துக்கு வெளியே நாலு முகங்களைப் பார்க்க வைக்கிறது. தனியாளாகச் செய்ய முடியாத ஒன்றில் நமக்கும் பங்கு தருகிறது. கைகால்களுக்கும் மூளைக்கும் தினமும் வேலை வைக்கிறது. ஐந்தாவது, வெளியே சொல்லிக்கொள்ள ஒரு பெயர் தருகிறது. லேப் மூடிய அன்று ஐந்தும் ஒன்றாகப் போயின. புகார்ப் பிரிவில் சேர்ந்ததும் நான்கு திரும்பி வந்துவிட்டன. காலையில் கிளம்புகிறீர்கள். உடன் வேலை செய்யும் இளைஞர்களைப் பற்றி மூன்றாம் பக்கத்தில் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் கண்டுபிடித்த ஒரு கோளாறைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அது இந்தப் பத்தியில் இடம்பெற முடியாமல் போனது எனக்கு வருத்தம். திரும்பி வராதது ஐந்தாவது ஒன்றுதான். பெயர். நீங்களோ ஐந்தும் இல்லாதவர் போல அழுகிறீர்கள். அந்த எட்டு மாதத்தின் மிச்சம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெயர்தானே என்று அதைச் சின்னதாக்கவும் மாட்டேன். நானும் பட்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வருமுன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். விட்டு வந்த பிறகும் ஆறு வருடம் யாரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும் "முன்னாள் ஆசிரியர்" என்றே ஆரம்பிப்பேன். கேட்டவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. ஹெலன் ரோஸ் எபா என்ற சமூகவியலாளர், கன்னியாஸ்திரி வாழ்க்கையை விட்டு வெளியேறியவர், ஒரு பாத்திரத்திலிருந்து வெளியேறியவர்களைப் பற்றி 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். விட்டு வந்தது நம்மை விடுவதில்லை, 'முன்னாள்' என்பதே ஓர் அடையாளமாக ஒட்டிக்கொள்கிறது, புதியதைக் கட்டுவதில் அதையும் ஒரு செங்கல்லாக வைத்தால்தான் கட்டடம் நிற்கிறது. அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. நீங்கள் அந்தச் செங்கல்லை அப்பாவுக்குத் தெரியாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு இது இவ்வளவு வலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று படுகிறது. "கெமிஸ்ட்ரி எடு என்றார், எடுத்தேன்." நான்கு சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல், இளம் வயதினர் தங்கள் அடையாளத்துக்கு எந்தெந்த வழியில் வந்து சேருகிறார்கள் என்று வகைப்படுத்தினார். அதில் ஒரு வகை, தேடாமலேயே உறுதியாகிவிடுவது. பெரும்பாலும் பெற்றோர் காட்டியதை அப்படியே எடுத்துக்கொண்டு, நன்றாகவும் செய்துகொண்டு போவது. இது குற்றமில்லை, தோல்வியுமில்லை. தங்கப் பதக்கம் வாங்கும் பிள்ளைகளில் இந்த வகை ஏராளம். காற்று அடிக்காதவரை இந்தக் கூரை ரொம்ப பலமாகவே இருக்கும். அடித்துப் பெயர்த்துவிட்டால்தான் சிக்கல். பதினெட்டு வயதில் அலைந்து திரிந்து, இரண்டு மூன்றைத் தொட்டுப் பார்த்து, ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறியவர்களுக்கு, 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டு சில மாதம் வாழ்வது எப்படி என்று தெரியும். உங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. முதல் தடவை இப்போதுதான், 43 வயதில். அதனால்தான் தெரியாமல் இருக்கும் நிலையை இரண்டு வருடப் படிப்பு ஒன்றைக் கொண்டு உடனே மூடிவிடப் பார்க்கிறீர்கள். அன்று அப்பா சொன்னார். இன்று ஏதோ ஒரு விளம்பரம் சொல்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம்.

ஒரு பட்டம் மூன்று வேலை செய்கிறது. தெரியாததைத் தெரிய வைக்கிறது, அது திறன். தெரியும் என்று வெளியே காட்டுகிறது, அது சான்று. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1973-இல் இதைப் பிரித்துக் காட்டினார். படிப்பு ஒருவரின் திறமையைக் கூட்டாவிட்டாலும், 'இவர் திறமையானவர்' என்று வேலை கொடுப்பவருக்கு அடையாளம் காட்டும் சமிக்ஞையாக அது விலைபோக முடியும் என்றார். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். மூன்றாவது, பெயர். 'நான் இன்னார்' என்று சொல்லிக்கொள்வதற்கு. இதைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் குடும்பங்கள் சொத்தை விற்றுப் படிக்க வைப்பதில் பெரும்பங்கு இதற்காகத்தான்.

உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. நீங்கள் பணம் கட்டப்போவதோ முதலாவதுக்கு. அந்தப் படிப்பில் புள்ளியியலும் நிரலெழுத்தும் சொல்லித் தருவார்கள். இரண்டு வருட முடிவில் நீங்கள் 45 வயதில் ஒரு துறையின் வாசலில் நிற்பீர்கள், அனுபவமில்லாத புதியவராக. அப்போதும் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? 'டேட்டா சயின்டிஸ்ட்' என்று எழுத ஒரு வேலை வேண்டும். அந்த வேலையின் பெயரும் எத்தனை நாளைக்கு இதே பெயராக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மூடிய கட்டடத்திலிருந்து வெளியே வந்து, அஸ்திவாரம் காயாத இன்னொரு கட்டடத்தின் மாடியில் குடியேறுவதற்கு சேமிப்பை எல்லாம் கொடுக்க வேண்டுமா?

1972-இல் யுனெஸ்கோவுக்காக, பிரான்ஸின் முன்னாள் பிரதமர் எட்கர் ஃபோர் தலைமையிலான குழு ஓர் அறிக்கை கொடுத்தது. கல்வி இளமையோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும் என்பது அதன் சாரம். அன்று அது ஒரு வாக்குறுதி, மனிதர் முழுமையாக வளர்வதற்கு. இன்றைக்கு அதே வாக்கியத்தைப் படிப்பு விற்பவர்கள் சொல்லும்போது எனக்குக் கடன் நோட்டீஸ் வாசிப்பதுபோல் இருக்கிறது. 'நீ இன்னும் முடியவில்லை, இன்னும் கட்டு.' கற்றுக்கொண்டே இருப்பது வேறு, சேர்ந்துகொண்டே இருப்பது வேறு.

எல்லாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். மருத்துவமோ சட்டமோ விமானம் ஓட்டுவதோ என்றால், அதற்குரிய பட்டமோ உரிமமோ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒருவருக்கு அப்படி ஒன்றில் உண்மையான நாட்டம் இருந்தால் ஐம்பதிலும் சேரட்டும். உங்கள் கடிதத்தில் அந்த நாட்டம் வேறிடத்தில் இருக்கிறது.

பீக்கின் வால்.

நான்கு பக்கத்தில் உங்கள் கையெழுத்து வேகமெடுத்த இடம் அது ஒன்றுதான். சிஸ்டம் 'பாஸ்' என்று காட்டிய பிறகும் ஒப்பாத மனசு. கலவையைப் பிரிக்கும் குழாய் பழசாகிவிட்டதா, கரைசலின் பிஹெச் (அமிலத்தன்மை) நகர்ந்துவிட்டதா, ஊசியில் அதிகம் ஏற்றிவிட்டோமா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பழக்கம். ஒரு ரிசல்ட் வரம்பைத் தாண்டினால், திரும்ப ஓட்டி நல்ல எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது, முதலில் கருவியா, கரைசலா, கையா என்று விசாரித்து எழுதி வைக்க வேண்டும் என்று உங்களுக்குப் பழக்கியிருப்பார்கள். பதினேழு வருடம் அந்த ஒழுங்கில் வளர்ந்த ஒருவர், ஒரே மாதிரிப் புகார் முப்பது வந்தால் என்ன செய்வார்? நீங்கள் போன மாதம் என்ன செய்தீர்கள் என்றுதான் அந்த அரைப்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே. மற்றவர்கள் "வாடிக்கையாளர் சரியாக உபயோகிக்கவில்லை" என்று மூடிய புகாரைத் திறந்து, எந்தத் தொகுப்பில் வந்த பொருள் என்று பிரித்து, ஒரே நாளில் தயாரானவை மட்டும் பழுதாவதைப் பிடித்தீர்கள். 'அந்த ஆள் எங்கே போனாள்' என்று கேட்கிறீர்கள். இதைச் செய்தது வேறு யார்?

ஆனால் ஒன்று. எல்லா அனுபவமும் எங்கேயும் செல்லுபடியாகும் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. அந்தக் கருவிகளைக் கையாண்ட நுணுக்கம், எந்தக் கரைசலை எப்படித் தயாரிப்பது என்று விரலுக்குத் தெரிந்தது, லேபில் நீங்கள் நுழைந்தால் இளையவர்கள் எழுந்து நின்றது, இவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. இன்னும் சில வருடத்தில் மறந்தும் போகும். அது நிஜமான இழப்பு. துக்கப்பட வேண்டியதற்குத் துக்கப்படுங்கள். வீணா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில், இல்லை. செலவழிந்தது வேறு, வீணானது வேறு. அந்த 17 வருடத்தில் எத்தனை தொகுதி மருந்து உங்கள் கையெழுத்தோடு வெளியே போயிருக்கும், எத்தனையைத் தடுத்து நிறுத்தியிருப்பீர்கள்? அவற்றை விழுங்கியவர்களுக்கு நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை.

புதிய வேலையை லேபைப் போல நேசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மனிதர்கள் தங்கள் வேலையை மூன்று விதமாகப் பார்ப்பதாகச் சொன்னார்கள். பிழைப்பு, முன்னேறும் ஏணி, மனசுக்குப் பிடித்த பணி. அதில் எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. கல்லூரியில் ஒரே பதவியில் இருந்த 24 அலுவலக உதவியாளர்களை மட்டும் தனியே பார்த்தபோது, அவர்கள் மூன்று வகையிலும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்திருந்தார்கள். ஒரே வேலை, ஒரே மாதிரி மேசை. வேலையில் இருந்து மட்டும் அது வருவதில்லை என்று தெரிகிறது. ஆனால் இதைத் திருப்பி, 'ஆகவே உன் வேலையை நேசி' என்று உங்கள் தலையில் கட்டமாட்டேன். சில வருடங்களுக்கு அது பிழைப்பாகவே இருக்கலாம். பிழைப்பு கேவலமான சொல் இல்லை. உயிரோடு இருப்பதற்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

படிப்பில் சேருவதை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள் என்பது என் ஆலோசனை. அந்த ஒரு வருடத்தில் சில காரியங்கள் செய்யலாம். உங்கள் இப்போதைய வேலையில் இடிக்கும் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் தேவையானதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான புகார்களைக் கண்ணால் பிரிக்கிறேன் என்றீர்கள். டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்க எஸ்.க்யூ.எல்., அடிப்படைப் புள்ளியியல், இவ்வளவு போதும். இரண்டையும் செலவில்லாமலே கற்றுக்கொள்ளலாம். கல்லூரியில் பிழைகளைக் கணக்கிடும் புள்ளியியல் படித்தவர்தான் நீங்கள், பாதி ஏற்கெனவே தெரியும். மூன்று மாதத்தில் இது உங்களுக்குச் சலித்துப்போனால், இரண்டு வருடப் படிப்பும் சலித்திருக்கும் என்று தெரிந்துகொள்வீர்கள், சேமிப்பு தப்பிக்கும். பசி கூடினால், அப்போது சேருங்கள். சேருமுன், உங்களுக்கு ஆசையாக இருக்கும் பத்து வேலை விளம்பரங்களை எடுத்து, அதில் எத்தனை அந்தப் பட்டத்தைக் கேட்கின்றன, எத்தனை அனுபவத்தைக் கேட்கின்றன என்று எண்ணுங்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு அதே படிப்பை முடித்த இரண்டு பேரோடு பேசுங்கள். படிப்பை நடத்துபவர்களே தேடித்தரும் இரண்டு பேர் வேண்டாம்.

இந்த ஒரு வருடத்தில், புகார்களை விசாரித்து நீங்கள் கண்டுபிடித்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். லேபில் எழுதுவது போலவே, தேதி போட்டு. எந்த மாதிரி விசாரணையில் உங்கள் நேரம் போவதே தெரியவில்லை என்று அது சொல்லும். அடுத்து எதைப் படிப்பது என்று என்னைவிட அந்த நோட்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் கேட்காத கேள்வி இது, ஆனால் பதினோரு தடவை கேட்டிருக்கிறீர்கள். "என் பொண்ணு கெமிஸ்ட்" என்று அவர் சொல்லும்போது, அதில் பாதி உங்களைப் பற்றிய வாக்கியம், மீதிப் பாதி அவரைப் பற்றியது. பள்ளியைத் தாண்டாத நான் ஒரு பிள்ளையை இவ்வளவு தூரம் கொண்டுவந்தேன் என்பது. லேபை மூடியவர்களால் அந்தப் பாதியை மூட முடியாது. சொல்லும்போது வரிசையை மட்டும் கவனியுங்கள். "அப்பா, நான் நல்லாத்தான் இருக்கேன், வேலையிலதான் இருக்கேன்" என்பது முதலில் வரட்டும். லேப் மூடிய கதை இரண்டாவதாக. வயதானவர்களுக்கு முதல் வாக்கியத்திலேயே படபடப்பு வந்துவிட்டால் மற்றது காதில் ஏறாது. அவர் வருத்தப்படலாம். சில நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த வருத்தத்தை உடனே சரிசெய்யப் புதிய பட்டம் ஒன்றைக் காட்டாதீர்கள். முடிந்தால், அந்தப் பழுதான பொருளை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற கதையைச் சொல்லுங்கள். எனக்கு எழுதியது போலவே சொல்லுங்கள். வெளியாட்களிடம் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளப் பெற்றோருக்கும் ஒரு புது வாக்கியம் வேண்டுமே.

"என்ன பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்கும் அதுதான் பதில். பதவிப் பெயரைத் தேடித்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்டவரோ 'என்ன பண்றீங்க' என்றுதான் கேட்டார், 'யார் நீங்க' என்று கேட்கவில்லை. "பொருட்கள்ல ஏன் கோளாறு வருதுன்னு கண்டுபிடிக்கிறேன். முன்னாடி மருந்துல பார்த்தேன், இப்ப வீட்டுச் சாமான்ல பார்க்கிறேன்." சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன்னால் நின்றாவது. எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லிப் பழக ஆறு வருடம் பிடித்தது, உங்களுக்கு அவ்வளவு ஆகாது.

கடைசியாக அந்தக் கட்டம். 'புகார் ஆய்வு, தனியார் நிறுவனம்' என்று எழுதுங்கள். இன்றைக்கு உண்மை அது. பள்ளி அலுவலகத்தில் அதைப் படிப்பவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தால் படிவம் இன்னும் உங்கள் மேசையில்தான் கிடக்கிறது. நாளைக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். அது மகளுடைய படிவம்.